சூரியனின் காற்று எங்கே முடிகிறது? வாயேஜர் கண்ட எல்லையும் அணைந்துவரும் கருவிகளும்!

சூரியன் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மட்டும் நமக்கு அனுப்பவில்லை. ஒவ்வொரு விநாடியும் 10 லட்சம் டன்னுக்கும் மேல் தன்னுடைய சொந்தப் பொருளையே விண்வெளியில் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. இதுதான் சூரியக் காற்று.

இந்தக் காற்று எவ்வளவு தூரம் போகும்? எங்கே போய் நிற்கும்? நேரில் போய் இதற்கு பதில் சொன்னவை இரண்டே இரண்டு விண்கலங்கள்தான். நாசாவின் வாயேஜர் 1, வாயேஜர் 2. இப்போது மின்சாரம் குறைந்துகொண்டே வருவதால், இரண்டிலும் ஒவ்வொரு கருவியாக அணைக்கப்பட்டு வருகிறது.

சூரியக் காற்றுன்னா என்ன?

நாம் மூச்சு விடும் காற்று மாதிரி இது கிடையாது. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் வெப்பநிலை 10 லட்சம் டிகிரிக்கும் மேல். அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து எலக்ட்ரான், புரோட்டான் போன்ற மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்துவிடும். இந்த நிலைக்குப் பெயர் பிளாஸ்மா.

இவ்வளவு சூடான பிளாஸ்மாவை சூரியனின் ஈர்ப்பு விசையால் முழுசாகப் பிடித்து வைக்க முடியாது. எல்லா திசையிலும் அது வெளியே பாய்கிறது. வேகம் விநாடிக்கு சுமார் 400 கிலோமீட்டர். சில சமயம் 700 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். ஆனால் பூமிக்குப் பக்கத்தில் வரும்போது மிகவும் மெலிந்துவிடும். ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் சில துகள்கள்தான் இருக்கும்.

'தப்பு' என்ற நிபுணர்கள்... அச்சிட்ட சந்திரசேகர்!

1958-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த யூஜின் பார்க்கர் என்ற இளம் விஞ்ஞானிதான், இப்படியொரு காற்று இருந்தே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அப்போது பலரும் நம்பவில்லை. ஆய்விதழுக்கு அவர் அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்ட இரண்டு நிபுணர்களுமே நிராகரிக்கச் சொன்னார்கள்.

அந்த இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். பின்னாளில், 1983-ல், நோபல் பரிசு பெற்றவர். பார்க்கரின் முடிவில் அவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் கணக்கில் எந்தத் தப்பையும் நிபுணர்கள் காட்டவில்லை என்பதால், கட்டுரையை வெளியிட்டார்.

நான்கே ஆண்டுகளில் விடை கிடைத்தது. 1962-ல் வெள்ளி கோளை நோக்கிப் போன நாசாவின் மரைனர் 2, வழியெல்லாம் சூரியக் காற்றை அளந்துகொண்டே போனது. பார்க்கர் சொன்னது சரி என்று உறுதியானது. அவர் பெயரையே தாங்கிய விண்கலம் 2018-ல் ஏவப்பட்டபோது, 91 வயதில் அதை நேரில் பார்த்தார். அந்தக் கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து வெறும் 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்குள் போய் வந்தது.

காற்று பிறக்கும் இடத்தைப் பார்க்கர் விண்கலம் பார்த்துவிட்டது. அப்போ அது முடியும் இடம்?

நாம் இருப்பது ஒரு குமிழிக்குள்!

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி காலியாக இல்லை. அங்கேயும் மெல்லிய வாயுவும் காந்தப்புலமும் இருக்கின்றன. சூரியக் காற்று அதைத் தள்ளிக்கொண்டே போய், ஒரு பெரிய குமிழியை உருவாக்குகிறது. இதுதான் ஹீலியோஸ்பியர். பூமி, வியாழன், புளூட்டோ எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள சமையலறை சிங்க் போதும். குழாயைத் திறந்தால், தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரை வேகமாக, மெல்லியதாகப் பரவும். அதன்பிறகு திடீரென வேகம் குறைந்து, தடித்த வளையமாக மாறும். சூரியக் காற்றும் அப்படித்தான். முதலில் ஓரிடத்தில் சட்டென வேகம் குறைகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, வெளியே இருக்கும் வாயுவின் அழுத்தமும் இதன் அழுத்தமும் சமமாகி, மேலே போக முடியாமல் நின்றுவிடுகிறது. அந்தக் கடைசி எல்லைக்குப் பெயர் ஹீலியோபாஸ்.

இந்தக் குமிழி நமக்கு ஒரு கவசமும்கூட. வெடித்த நட்சத்திரங்கள் போன்ற இடங்களிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதியை இதுதான் தடுக்கிறது. நிலவு, செவ்வாய் என்று மனிதர்களை அனுப்பத் திட்டமிடும்போது, இந்தக் கவசம் எவ்வளவு உறுதியானது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

எல்லையைத் தாண்டியது எப்படித் தெரிந்தது?

1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் 1, 2012 ஆகஸ்ட் 25 அன்று சூரியனிலிருந்து சுமார் 1,800 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அப்போது சூரியனிலிருந்து வந்த துகள்கள் சட்டெனக் குறைந்தன. வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கூடின. அப்படின்னா எல்லையைத் தாண்டியாச்சா?

உடனே சொல்ல முடியவில்லை. காந்தப்புலத்தின் திசை எதிர்பார்த்தபடி மாறவில்லை. பிளாஸ்மாவை நேரடியாக அளக்கும் கருவி இருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் வாயேஜர் 1-ல் அந்தக் கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது.

கடைசியில் சூரியனே உதவிக்கு வந்தது. 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த ஒரு பெரிய வெடிப்பின் அதிர்வு, 13 மாதம் பயணம் செய்து 2013 ஏப்ரலில் வாயேஜர் 1-ஐ அடைந்தது. அது சுற்றியிருந்த பிளாஸ்மாவை மணி அடித்த மாதிரி அதிர வைத்தது. அந்த அதிர்வை விண்கலத்தின் ஆன்டெனா பிடித்தது.

பிளாஸ்மா எவ்வளவு அடர்த்தியோ, அதிர்வும் அவ்வளவு வேகமாக இருக்கும். கணக்குப் போட்டதில், குமிழியின் உள்ளே இருந்ததைவிட சுமார் 40 மடங்கு அடர்த்தி! குமிழிக்கு வெளியேதான் இப்படி இருக்க முடியும். 2013 செப்டம்பரில் நாசா அறிவித்தது: வாயேஜர் 1 விண்மீன்களுக்கு இடையேயான வெளிக்குள் நுழைந்துவிட்டது.

வாயேஜர் 2 அதே எல்லையை வேறொரு திசையில், 2018 நவம்பர் 5 அன்று தாண்டியது. அதில் பிளாஸ்மா கருவி நன்றாகவே இருந்தது. சூரியக் காற்றின் வேகம் சரிந்து, பிறகு இல்லாமலே போனதை நேரடியாக அளந்து அனுப்பியது.

ஒவ்வொன்றாக அணையும் கருவிகள்

வாயேஜர் கலங்களில் சோலார் பேனல் கிடையாது. புளூட்டோனியம் வெளிவிடும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அது ஆண்டுக்கு சுமார் 4 வாட் குறைகிறது. அதனால் எதை அணைப்பது, எதை விட்டுவைப்பது என்று பொறியாளர்கள் முடிவெடுக்க வேண்டிய நிலை.

சூரியக் காற்று நின்றுபோனதை நேரடியாக அளந்த அந்த வாயேஜர் 2 பிளாஸ்மா கருவி 2024 செப்டம்பரில் அணைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-ன் காஸ்மிக் கதிர் கருவியும், மார்ச்சில் வாயேஜர் 2-ன் இன்னொரு துகள் கருவியும் நிறுத்தப்பட்டன. கிளம்பும்போது ஒவ்வொன்றிலும் 10 அறிவியல் கருவிகள். அதற்குப் பிறகு இயங்கியவை தலா 3 மட்டுமே.

இவை முழுசாக நின்றுவிட்டால், அங்கே வேறு யாரும் இல்லை. பயனியர் 10, 11 கலங்கள் எல்லையைத் தொடும் முன்பே தொடர்பை இழந்துவிட்டன. 2015-ல் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் அதே வழியில் வெளியே போய்க்கொண்டிருந்தாலும், இன்னும் எல்லையை எட்டவில்லை.

இனி யார் கண்காணிப்பது?

நேரில் போக முடியாத வேலையை உள்ளே இருந்தபடியே செய்யத்தான் ஐமேப் என்ற விண்கலத்தை நாசா 2025 செப்டம்பர் 24 அன்று ஏவியது. குமிழியின் எல்லையில் சில துகள்கள் மின்னூட்டத்தை இழந்துவிடும். அதன்பிறகு காந்தப்புலத்தால் அவற்றை வளைக்க முடியாது. அப்படி நேராக நம் பக்கம் வரும் அணுக்களைப் பிடித்து, எல்லையின் வரைபடத்தைத் தயாரிப்பதுதான் ஐமேப்பின் வேலை.

இதற்கான இடம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல் 1 புள்ளி. இந்தியாவின் ஆதித்யா எல் 1 அங்கே 2024 ஜனவரி 6-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது. தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜிதான் அதன் திட்ட இயக்குநராக இருந்தவர். சூரியக் காற்றை அளக்கும் கருவிகள் அதிலும் உண்டு.

எல் 1-ஐக் கடக்கும் சூரியக் காற்று பூமிக்கு வர சுமார் ஒரு மணி நேரம் ஆகும். சூரியப் புயல் வரும்போது செயற்கைக்கோள்களையும் மின் கட்டமைப்பையும் பாதுகாக்க அந்த ஒரு மணி நேரம் முக்கியம். 1989 மார்ச்சில் இப்படி வந்த ஒரு புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள்.

ஆக, வரும் புயலைச் சொல்ல எல் 1-ல் ஆள் இருக்கு. எல்லையைத் தூரத்திலிருந்து படம் பிடிக்க ஐமேப் இருக்கு. ஆனால் குமிழிக்கு வெளியே நின்று, அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல இன்றைக்கும் அந்த 1977-ம் ஆண்டு விண்கலங்கள் மட்டும்தான். அதனால்தான் ஒவ்வொரு வாட் மின்சாரத்தையும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறது நாசா.