வியாழனின் நான்கு நிலாக்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த ஊர் சங்கராபுரம். அம்மலைக்கு வடக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு பகுதியாகச் சவ்வாது மலை விரிந்து கிடக்கிறது. அங்குள்ள காவலூர் வானாய்வகத்தில் 1972ஆம் ஆண்டு ஒரு மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி நிறுவப்பட்டது. அவ்வாண்டு சூன் 7ஆம் நாள், வியாழனின் நிலாவாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. அந்நிகழ்வு காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவுசெய்யப்பட்டது.

காற்றில்லாத நிலா ஒரு விண்மீனை மறைத்தால், அதன் ஒளி விளக்கை அணைத்தாற்போல் சட்டென மறையும். காற்று சூழ்ந்திருந்தால் படிப்படியாக மங்கும். அன்றைய பதிவில் ஒளி மங்கி மறைந்தமையால், கானிமீடில் மெல்லிய வளிமண்டலம் உண்டு என ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர்.

வியாழனுக்கு 90க்கும் மேற்பட்ட நிலாக்கள் உள்ளன. அவற்றுள் 1610இல் கலிலியோ கண்ட நான்குமே பெரியவை. ஒரே கோளைச் சுற்றினும் அவை தம்முள் பெரிதும் வேறுபட்டவை.

அயோ வியாழனிலிருந்து ஏறத்தாழ 4.2 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. அதன் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான எரிமலைகள் உள்ளன. அடுத்துள்ள யூரோப்பாவின் தொலைவு 6.7 இலட்சம் கிலோமீட்டர். அதன் பனி ஓட்டின் அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. மூன்றாவதான கானிமீடு 10.7 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 5,268 கிலோமீட்டர் விட்டமுடைய அது, புதன் கோளைவிடப் பெரியது. தனக்கெனக் காந்தப்புலமும் உடையது. காலிஸ்டோவோ 18.8 இலட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், விண்கற்கள் மோதிய பழந்தழும்புகள் நிறைந்து காணப்படுகிறது.

இவ்வேறுபாட்டிற்குத் தொலைவே முதன்மைக் காரணம். நம் நிலவின் ஈர்ப்பு புவியின் கடலில் ஓதங்களை எழுப்புவதுபோல், வியாழனின் ஈர்ப்பு தன் நிலாக்களின் திண்ம உடலையே இழுத்து நெகிழ்விக்கிறது. கானிமீடு ஒருமுறை சுற்றிவரும் காலத்தில் யூரோப்பா இருமுறையும் அயோ நான்கு முறையும் சுற்றுகின்றன. இவ்வொழுங்கால் அவை ஒன்றையொன்று குறித்த இடைவெளியில் ஈர்ப்பதனால், அவற்றின் பாதைகள் முழுவட்டமாக அமைவதில்லை. ஆகவே, அயோ வியாழனை நெருங்கியும் விலகியும் செல்கிறது. அதன் உடல் இடைவிடாது பிசையப்படுகிறது. அவ்வுராய்வின் வெப்பமே எரிமலைகளாக வெளிப்படுகிறது. யூரோப்பாவில் குறைந்த அளவில் எழும் அவ்வெப்பம், கடல் உறையாதிருக்கத் துணைசெய்கிறது. தொலைவிலுள்ள காலிஸ்டோ இவ்வொழுங்கில் சேராமையால், அதன் முகம் பல நூறு கோடி ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை.

அடர்த்தியும் இவ்வரிசையிலேயே குறைகிறது. கன சென்டிமீட்டருக்கு அயோ 3.5 கிராம், காலிஸ்டோ 1.8 கிராம். முன்னது பாறையால் ஆனது. பின்னதில் பாறையும் பனியும் கலந்துள்ளன.

1979இல் வாயேஜர் 1 விண்கலம், கானிமீடின் காற்று முன்பு மதிப்பிட்டதைவிட மிகமிக மெல்லியது எனக் காட்டியது. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி அங்கு ஆக்சிஜன் இருப்பதை உணர்த்தியது. காவலூரில் எழுந்த வினாவிற்கான விடை இவ்வாறு படிப்படியாகத் திருத்தம் பெற்றது. அளந்ததை மீண்டும் அளந்து, திருத்தத்தை ஏற்பதே அறிவியலின் வலிமை.

இந்நான்கு நிலாக்களையும் காண இருகண்நோக்கி ஒன்றே போதும். வியாழன் தெளிவாகத் தெரியும் இரவுகளில், அதனருகே ஒரே கோட்டில் நிற்கும் ஒளிப்புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வந்தால், அவை இடம் மாறுவதை நீங்களே அறியலாம்.