ஆதி ஒளியில் தெரிந்த சுழல்: ஈர்ப்பலையா, வெறும் தூசியா?

பெருவெடிப்புக்குச் சுமார் 3.8 லட்சம் ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி, இன்றும் வானம் முழுக்க நுண்ணலையாகப் பரவியிருக்கிறது. அதில் லேசான தளவிளைவு உண்டு. அதாவது, அதன் மின்புல அதிர்வு ஒரு பக்கமாகச் சற்றுத் தூக்கலாக இருக்கும்.

இதை எப்படிக் கணக்கில் எழுதுவது? வானத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சின்னக் கோடு போட்டுப் பாருங்கள். நீளம் அளவைச் சொல்லும். சாய்வு திசையைச் சொல்லும். இதற்கு 'க்யூ', 'யூ' என இரண்டு எண்கள் போதும். ஆனால் அச்சைத் திருப்பினால் அவையும் மாறிவிடும். அதனால் கோடுகள் சேர்ந்து போடும் கோலத்தையே இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு மையத்தைச் சுற்றி ஆரக்கால் போலவோ வளையம் போலவோ நின்றால் 'இ' வகை. 45 டிகிரி சாய்ந்து சுழலாக நின்றால் 'பி' வகை. கண்ணாடியில் பார்த்தால் 'இ' மாறாது. 'பி' எதிர்ப்பக்கம் சுழலும்.

சரி, பிரித்து என்ன லாபம்? ஆதிப் பொருளின் அடர்த்தி ஏற்றத்தாழ்வுகள் நேரடியாக 'இ' கோலத்தை மட்டுமே போடும். ஆதி ஈர்ப்பலைகளோ 'பி' கோலத்தையும் போடும்.

தென்துருவத்தில் இருந்த 'பைசெப்2' தொலைநோக்கிக் குழு, அந்தச் சுழலைக் கண்டதாக 2014 மார்ச்சில் அறிவித்தது. உலகமே கொண்டாடியது. அடுத்த ஆண்டு 'பிளாங்க்' விண்கலத் தரவையும் சேர்த்துப் பார்த்தார்கள். சுழல் நிஜம்தான். ஆனால் நம் பால்வீதியின் தூசியும் அதே கோலத்தைப் போடும்! ஈர்ப்பலைக்கான ஆதாரம் நிற்கவில்லை.

அதிர்வெண் கூடக்கூட, ஆதி ஒளியோடு ஒப்பிட்டால் தூசியின் பங்கு ஏறும். அதனால்தான் இப்போது பல அதிர்வெண்களில் அளந்து, தூசியைக் கழித்துவிட்டுத் தேடுகிறார்கள்.