குளியலறை ஈரமும் காற்று வெளியேற்றும் விசிறியும்

நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் பலர் முதலில் உணர்வது ஈர வாடையைத்தான். சுவரில் கறுப்புப் புள்ளிகள், உப்பிப்போன கதவுப் பலகை, உதிரும் வெள்ளைப் பூச்சு ஆகியவற்றையும் கண்டிருப்பீர்கள். களுதாவளை போன்ற எழுவான்கரைக் கிராமங்களில் கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இரண்டு பக்கமும் நீர் உள்ள இடத்தில் காற்று எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஆண்டு மழையின் பெரும் பகுதி ஐப்பசி முதல் தை வரை பெய்துவிடுகிறது. அந்த மாதங்களில் நனைந்த துணியே காய்வதில்லை.

முன்பு நம்மில் பெரும்பாலானோர் கிணற்றடியில் குளித்தோம். மலசலகூடம் வளவின் பின்பக்கத்தில் இருந்தது. அந்த ஈரம் வெளியிலேயே காய்ந்தது. இப்போது கட்டப்படும் வீடுகள் பலவற்றில் குளியலறையும் மலசலகூடமும் வீட்டுக்குள் வந்துவிட்டன. வயோதிபர்களுக்கும் பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் இது பெரிய வசதி. ஆனால் ஈரமும் கூடவே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதை வெளியேற்றும் வழி பற்றியே இப்பகுதி விளக்குகிறது. நீங்கள் இன்னும் கிணற்றடியில் குளிப்பவராக இருந்து, மலசலகூடமும் வெளியே இருந்தால் விசிறிக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

விசிறி வாங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். விசிறி காற்றில் உள்ள ஈரத்தை மட்டுமே வெளியேற்றும். கூரை ஒழுக்கையும், நிலத்திலிருந்து சுவரில் ஏறும் நீரையும் அதனால் நிறுத்த முடியாது. 2004 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த சுவர்களில் உப்பு ஊறியிருக்கலாம். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அத்தகைய சுவர் மழை இல்லாத நாளிலும் நனைந்தே இருக்கும்.

கண்டறிய ஓர் எளிய முறை உண்டு. ஒரு அடி நீளமும் ஒரு அடி அகலமும் உள்ள பொலித்தீன் துண்டு ஒன்றை எடுங்கள். ஈரமாகத் தெரியும் சுவரின் ஓர் இடத்தைத் துணியால் துடைத்து, பொலித்தீனின் நான்கு ஓரங்களையும் ஒட்டும் நாடாவால் இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

- பொலித்தீனின் வெளிப்பக்கத்தில், அதாவது உங்களை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளி இருந்தால், அது அறைக் காற்றின் ஈரம். விசிறி உதவும்.
- சுவரை நோக்கிய உட்பக்கத்தில் நீர் இருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரை, தண்ணீர்க் குழாய், அத்திவாரம் ஆகியவற்றை மேசனைக் கொண்டு முதலில் பாருங்கள்.
- இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் சுவரைத் திருத்திய பின்னரே விசிறி.

பூஞ்சணம் சுவரின் அழகை மட்டும் கெடுப்பதில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், மூச்சிழுப்பு, ஆஸ்துமா ஆகியன கூடுதலாக ஏற்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. குழந்தைக்கு இரவில் இழுப்பு இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டின் ஈரத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.

முதலில் மின்சாரம்

நீரும் மின்சாரமும் ஒரே அறையில் சேரும் வேலை இது. பூட்டிக் கிடந்த வீட்டில் எலி வயரைக் கடித்திருக்கும். மெயின் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். உப்புக் காற்றில் இணைப்புகள் துருப்பிடித்திருக்கும். தகைமை பெற்ற மின்னியலாளர் ஒருவர் பார்த்து முடிக்கும்வரை பழைய வயரிங்கில் புதிய எதையும் இணைக்காதீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து தற்காலிகமாக இழுத்த வயரில் குளியலறை விசிறியை ஓட்ட வேண்டாம்.

மின்னியலாளரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

1. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா? மின்சாரம் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்தால் அதை உடனே துண்டிப்பது இதுதான். 30 மில்லி அம்பியர் அளவுடையதாக இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் வீட்டு மின்சாரம் முழுதும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் ட்ரிப் சுவிட்ச் பழுது, மாற்றுங்கள். பின்னர் மாதம் ஒரு தடவை நீங்களே அழுத்திப் பாருங்கள்.
2. ஏர்த் வயர் நிலத்துடன் சரியாக இணைந்திருக்கிறதா? நிலத்தில் இறக்கிய கம்பியோ அதன் இணைப்போ துருப்பிடித்து அறுந்திருக்கலாம்.
3. வயர்களின் நிறம் பொருந்துகிறதா? பழைய வீடுகளில் சிவப்பு மின்னோட்ட வயர், கறுப்பு நடுநிலை வயர். இன்று கடையில் வாங்கும் விசிறியில் கபிலம் மின்னோட்டம், நீலம் நடுநிலை, பச்சையும் மஞ்சளும் கலந்தது ஏர்த். நிறத்தை மட்டும் நம்பி எவரும் இணைக்கக் கூடாது. சோதித்துப் பார்த்தே இணைக்க வேண்டும்.

விசிறியின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். விசிறி நிலத்திலிருந்து ஏழரை அடிக்கு மேலே, சவர் நீர் தெறிக்காத இடத்தில் இருக்க வேண்டும்.

எந்த அளவு விசிறி?

அறையின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அடியில் அளந்து பெருக்குங்கள். 6 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள குளியலறையின் கொள்ளளவு 240 கன அடி. அறைக் காற்று மணிக்கு 10 தடவை மாற வேண்டும் என்று எடுத்தால், மணிக்கு 2,400 கன அடி, அதாவது ஏறத்தாழ 68 கன மீற்றர் காற்று வெளியேற வேண்டும். சாதாரண 6 அங்குல விசிறி இதற்குப் போதும். பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவைப் பார்த்து வாங்குங்கள். பெரிய விசிறி வாங்கினால் செலவும் சத்தமும்தான் கூடும்.

மின்கட்டணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. 25 வாட் விசிறியை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஓட்டினால், 30 நாளில் ஒன்றரை அலகுதான் செலவாகும்.

கடற்கரைக் கிராமத்தில் உலோக உடலுள்ள விசிறி சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாஸ்ரிக் உடலும் பிளாஸ்ரிக் இதழ்களும் உள்ளதை வாங்குங்கள். நிறுத்தியதும் தானே மூடிக்கொள்ளும் தகடுகள் இருந்தால் நல்லது. மழைச்சாரலும் பூச்சியும் உள்ளே வராது.

எங்கே பொருத்துவது?

காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும். இதை மறந்தால் விலை கூடிய விசிறியும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கதவின் கீழே முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள். விசிறியைக் கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவரில், கூரைக்கு அருகே பொருத்துங்கள். அப்போது காற்று கதவடியில் புகுந்து அறை முழுவதையும் கடந்து வெளியேறும். விசிறி ஓடும்போது அதன் பக்கத்து யன்னலை மூடிவிடுங்கள். திறந்திருந்தால் அந்த யன்னல் காற்றையே அது இழுக்கும். அறையின் ஈரம் அப்படியே நிற்கும்.

எந்தத் திசைச் சுவர் என்பதையும் யோசியுங்கள். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையை அடித்துக்கொண்டு வரும். கோடையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். ஆகவே தெற்குச் சுவர் வசதிப்பட்டால் அதுவே நல்லது. வேறு சுவர்தான் கிடைக்கும் என்றால், கூரையின் தாழ்வாரத்துக்குக் கீழே வையுங்கள்; வெளிப்பக்கத்தில் கீழ்நோக்கிய மூடியும் போடுங்கள்.

செய்யக் கூடாதவை:

- விசிறிக் காற்றைக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே விட வேண்டாம். வளைகளும் சிலாகைகளும் உக்கிவிடும்.
- அஸ்பெஸ்ரஸ் சீற்றை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளின் பின்னும் கொடிய நோயைத் தரும். துளையைச் சுவரிலேயே போடுங்கள்.
- யன்னலுக்கும் கதவுக்கும் மேலே ஓடும் கொங்கிறீற் வளையை உடைக்க வேண்டாம். அதுதான் சுவரின் பாரத்தைத் தாங்குகிறது.
- படுக்கையறை யன்னலுக்கோ, அயலவரின் குசினிக்கோ, கிணற்றுக்கோ நேராகக் காற்றை விட வேண்டாம்.

சுவர்த் துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள். மழைநீர் புகுந்தாலும் வெளியே வடிந்துவிடும். விசிறிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சீமெந்து வைத்து அடைத்துவிடுங்கள்.

பழைய விசிறியை மாற்றுவதானால்

மெயின் சுவிட்ச்சை நிறுத்தி, வீட்டில் உள்ள எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இதழைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் தூசைத் துடைத்து மின்னியலாளரிடம் காட்டுங்கள். பல வேளைகளில் சிறு திருத்தம் போதும். இறுகிப்போயிருந்தால் அல்லது வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் மீண்டும் பாவிக்க வேண்டாம். உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் விசிறியைத் தடியால் தள்ளி ஓட வைக்காதீர்கள். அது சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். புதியது வாங்கச் செல்லும்போது விசிறியின் வெளிச்சட்டத்தை அல்லாமல், சுவரிலுள்ள துளையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து கொண்டுபோங்கள்.

வேலை முடிந்ததும் சோதியுங்கள்

விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை விசிறியின் முன்தட்டில் வையுங்கள். அது ஒட்டி நின்றால் விசிறி இழுக்கிறது. பிறகு வெளியே வந்து ஊதுபத்தி ஒன்றைக் கதவடியில் பிடியுங்கள். புகை உள்ளே போனால் காற்று வழி சரி. போகாவிட்டால் கதவடி இடைவெளியைக் கூட்டுங்கள்.

விசிறி போட்டதும் சாக்கடை நாற்றம் வந்தால் விசிறியைக் குறை சொல்ல வேண்டாம். ஆளில்லாத வீட்டில், தரைக்குழாயின் வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றிப்போயிருக்கும். மலக்குழியின் வாயுவைத் தடுப்பது அந்த நீர்தான். தரைக்குழாயிலும் மலசலகூடத்திலும் ஒவ்வொரு வாளி நீர் ஊற்றுங்கள்.

நாளாந்தப் பாவனை

- குளிக்கத் தொடங்கும்போது விசிறியைப் போடுங்கள். குளித்து முடிந்து அரை மணித்தியாலம் ஓட விடுங்கள்.
- மாரியில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் விசிறி மட்டும் போதாது. குளித்ததும் தரை நீரைத் தள்ளுகோலால் தள்ளிவிட்டு, சுவரைத் துணியால் துடையுங்கள். ஈர உடுப்பை உள்ளே தொங்கவிட வேண்டாம்.
- கச்சான் வீசும் மாதங்களில் பகலில் யன்னலைத் திறந்து வைத்தாலே அறை காய்ந்துவிடும். மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் யன்னல்தான் உதவும். அதனால் விசிறி வைத்துவிட்டோம் என்று யன்னலை நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள். நுளம்பு வலை அடித்துக்கொள்ளுங்கள்.
- மாதம் ஒரு தடவை மின்சாரத்தை நிறுத்தி இதழையும் வலையையும் துடையுங்கள்.
- பூஞ்சணத்தைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுங்கள். வெளிற்றும் திரவத்தையும் மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

பணம் குறைவாக இருந்தால்

திரும்பி வந்த குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் பல செலவுகள் இருக்கும். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் ட்ரிப் சுவிட்ச்சும் வயரிங்கும், அடுத்து கூரை ஒழுக்கு, அடுத்து கதவடி இடைவெளியும் யன்னலும், கடைசியில் விசிறி. முதல் மூன்றும் சரியானால் சில வீடுகளில் விசிறியே தேவைப்படாது. வீட்டுத் திருத்த உதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் ஈரமான சுவரையும் பழுதான வயரிங்கையும் பட்டியலில் சேர்க்குமாறு கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மேலதிக விபரங்களை களுவாஞ்சிகுடியிலுள்ள பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

களுதாவளையின் வெற்றிலைக் கொடிக்கு ஈரம் வேண்டும். அதற்காகவே நிழல் கட்டி நீர் ஊற்றுகிறோம். வீட்டுச் சுவருக்கு வேண்டியது வெளிச்சமும் காற்றும். கதவடியில் ஒரு வழி, கூரையடியில் ஒரு வழி விட்டுவைத்தால் அடுத்த மாரியில் உங்கள் வீடு காய்ந்து நிற்கும்.