பிளவை மறைக்காத மேசை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க வீடுகளைத் தொழிற்சாலையில் வார்த்தெடுத்த நாற்காலிகளும் மேசைகளும் நிறைத்துக்கொண்டிருந்த காலத்தில், சில கைவினைஞர்கள் தம் சொந்தப் பட்டறையில் தாமே வடிவமைத்து, தம் கண்பார்வையிலேயே செய்து முடித்த அறைகலன்களே ‘ஸ்டூடியோ ஃபர்னிச்சர்’ என்று அழைக்கப்படுகின்றன. ஓவியராகத் தொடங்கி மரச்சிற்பத்துக்கு வந்த வார்ட்டன் எஷெரிக் (1887–1970) இதற்கு முன்னோடி. தாமாகவே தொழில் கற்று, வளைவான ஆடுநாற்காலிகளால் புகழ்பெற்ற சாம் மலூஃப் கலிஃபோர்னியாவில் பணியாற்றினார். ஆயினும் மரத்தின் இயல்பை ஜார்ஜ் நாகஷிமாவைப் போல மதித்துப் போற்றியவர் இவர்களுள் வேறொருவர் இல்லை எனலாம்.

1905இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து கட்டடக்கலை பயின்ற அவர், டோக்கியோவில் கட்டடக்கலைஞர் அந்தோனின் ரேமண்டிடம் பணிபுரிந்தபோது, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்ட்’ விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட அனுப்பப்பட்டார். அங்கே ஆசிரமவாசியாகவே வாழ்ந்து, அழகில் இன்பம் காண்பவர் எனப் பொருள்படும் ‘சுந்தரானந்தா’ என்ற பெயரையும் பெற்றார். தாயகம் திரும்பியவரை 1942இல் அமெரிக்க அரசு, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக, குடும்பத்துடன் ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தது. அநீதியான அந்தச் சிறைவாசத்தில்தான், ஜப்பானில் பயிற்சி பெற்ற கென்டாரோ ஹிகோகாவா என்னும் தச்சரிடம் கைக்கருவிகளின் நுட்பத்தையும் மரப்பொருத்துகளின் நுணுக்கத்தையும் அவர் கற்றார். 1943இல் ரேமண்டின் முயற்சியால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறிப் பின்னர் பட்டறை அமைத்தார்.

அவருடைய மேசையை அருகில் நின்று பார்த்தால், பட்டையை மட்டும் நீக்கிவிட்டு, மரம் வளர்ந்தபோதிருந்த நெளிவை அப்படியே விட்ட ஓரம் முதலில் கண்ணில் படும். கறுப்பு வால்நட் மரத்தின் கரும்பழுப்பு வைரமும், அதைச் சூழ்ந்த வெளிறின் இளமஞ்சளும் அந்த ஓரத்தில் ஒன்றையொன்று தழுவிச் செல்லும். பலகையில் பிளவு இருந்தால் பிற தச்சர்கள் அப்பகுதியை அறுத்தெறிவர், அல்லது மக்குப் பூசி மறைப்பர். நாகஷிமாவோ அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டைகளைப் பதித்தார். நடுவில் குறுகி இருபுறமும் விரியும் இக்கட்டையின் ரேகை பிளவுக்குக் குறுக்காக ஓடுவதாலும், விரிந்த முனைகள் பள்ளத்தை விட்டு நழுவ முடியாததாலும், காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கினாலும் பிளவு மேலும் பெரிதாவதில்லை. இந்த இணைப்பைப் பலர் அலங்காரமாக மட்டுமே காண்பது அதன் பின்னுள்ள அறிவுக்கு இழைக்கும் அநீதியே.

நாகஷிமாவின் படைப்புகளுள் சில ஏலங்களில் லட்சக்கணக்கான டாலருக்கு விலைபோவதால் போலிகளும் உலவுகின்றன. பல பழைய படைப்புகளில் அவருடைய கையொப்பம் இராது. மாறாக, வாங்கியவரின் பெயர் பலகையின் அடிப்புறத்தில் மையால் எழுதப்பட்டிருக்கும். அப்பெயரும், பட்டறையின் பழைய வரைபடமும் ஒத்திருப்பதே சேகரிப்பாளருக்கு வலுவான சான்று. பளபளப்புக்காக மேற்பரப்பை மறுபடி தேய்த்து மெருகிடுவது, காலம் தந்த நிறத்தோடு மதிப்பையும் அழித்துவிடும்.

1990இல் நாகஷிமா மறைந்தபின் மகள் மிரா பட்டறையைத் தொடர்ந்து நடத்திவருகிறார். கண்டந்தோறும் ஓர் அமைதி மேசை வைக்க வேண்டும் என்ற தந்தையின் கனவின்படி, முதல் மேசை 1986இல் நியூயார்க் தேவாலயம் ஒன்றில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்குரிய மேசை, அவர் ‘சுந்தரானந்தா’வாக வாழ்ந்த புதுச்சேரிக்கு அருகே, 1996இல் ஆரோவில்லை வந்தடைந்தது.