வெந்தால் மட்டும் போதாது, பதம் வர வேண்டும்: வீட்டு ஓவனில் பன்றி விலா எலும்பு

சென்ற ஆண்டு அப்பாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கு வீட்டிலேயே விருந்து வைத்தோம். கடைகளில் கிடைப்பது போல, சாஸ் தடவி வாட்டிய பன்றி விலா எலும்பு வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். பசாரில் இரண்டு முழு விலா வாங்கி வந்தேன். ஓவனில் 200 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம். வெளியே எடுத்தபோது செக்கச் செவேலென்று, படத்தில் பார்ப்பது போலவே இருந்தது.

பிள்ளைகள் கடித்து இழுத்தார்கள். கறி எலும்பை விட்டு வரவில்லை. பல் செட் போட்டிருக்கும் அப்பா ஒரு வாய் மென்று பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு ரசம் ஊற்றிச் சோறு சாப்பிட்டார். இரவு பாத்திரம் கழுவும்போது என்ன குறை என்று கேட்டேன். “வெந்திருக்கும்மா, பதம் வரல” என்றார்.

அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். லயத்து வீட்டின் பின்னால் விறகு அடுப்பில் காட்டுப்பன்றிக் கறி பிரட்டல் செய்வார். கொதி வந்ததும் விறகை இழுத்துவிட்டு, தணலில் மூடி வைத்து, வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். எவ்வளவு முரட்டுக் கறியாக இருந்தாலும் மெத்தென்று ஆகிவிடும். நான் ஓவனில் செய்தது அதற்கு நேர் எதிரான வேலை. விலை கொடுத்து வாங்கிய கறி வீணானது அதனால்தான்.

வேறு வீடுகளிலும் இந்தத் தவறு நடக்கிறது என்பதால், பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வேகுவது வேறு, பதம் வேறு

பன்றி இறைச்சித் துண்டின் உட்பகுதி 63 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டி, அதன்பின் 3 நிமிடம் அப்படியே இருந்தால் அது உண்பதற்குப் பாதுகாப்பானது என்பது அமெரிக்க விவசாயத் துறையின் வழிகாட்டல். ஆனால் விலா எலும்பை அந்தச் சூட்டோடு நிறுத்தினால் ரப்பர் போல இருக்கும்.

காரணம், விலாவில் உள்ள கறி முழுக்க நாரும் ஜவ்வுமாகப் பின்னிக் கிடக்கிறது. அதில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். ஏறத்தாழ 70 டிகிரியைத் தாண்டிய பிறகே இது நன்றாக இளகத் தொடங்கும். மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறும். இதற்குச் சூட்டைவிட நேரம்தான் முக்கியம். உட்சூடு 90 முதல் 95 டிகிரிக்கு வந்து, மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம் ஆனால்தான் கறி எலும்பைவிட்டுத் தானாக விலகும்.

ஆட்டுக்கால் சூப்பை குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் கட்டியாக உறைந்து நிற்குமே, அதுவும் இதே ஜெலட்டின்தான். கிள்ளானில் பக் குட் தே சாப்பிட்டவர்களுக்கும் இது புரியும். அதிலும் பன்றி விலா எலும்புதான் போடுகிறார்கள். மூலிகைச் சாற்றில் நிதானமாகக் கொதிப்பதால் கறி கரண்டி பட்டாலே கழன்று வருகிறது.

சூட்டை ஒரேயடியாக ஏற்றினால் என்ன ஆகும்? கொலாஜன் இளகுவதற்கு முன்பே தசை சுருங்கித் தன்னிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். வெளியே கருகும், உள்ளே இறுகும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பார்பிக்யூ செய்பவர்கள் 110 டிகிரியை ஒட்டிய சூட்டில், விறகுப் புகையில், ஐந்து ஆறு மணி நேரம் விலாவை வைத்திருப்பது இதற்காகத்தான். நம் ஓவனில் அந்தப் புகை வராது. ஆனால் அந்த நிதானத்தை நாம் கொண்டுவரலாம்.

வாங்கும்போது

பசாரில் விலா எலும்பைப் பெரும்பாலும் சூப்புக்கு ஏற்றபடி சிறு துண்டுகளாக வெட்டித்தான் கொடுப்பார்கள். இதற்கு அது உதவாது. வெட்டாமல் முழு விலாவாகக் கேளுங்கள். முதுகுப் பக்க விலா சிறியது, கொழுப்பு குறைவு, சீக்கிரம் பதமாகும். வயிற்றுப் பக்க விலா பெரியது, கொழுப்பும் நாரும் அதிகம். நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் ருசி இதில்தான் என்பது என் கருத்து. எதுவானாலும் எலும்புக்கு மேலே கறி தடிமனாக இருக்க வேண்டும். எலும்பு வெளியே தெரியும் துண்டைத் தவிர்த்துவிடுங்கள்.

உறைந்த கறியானால் முந்தின நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்து இளக விடுங்கள். நம் ஊர் வெக்கையில் மேசை மேல் வைத்து இளக வைப்பது நல்லதல்ல.

ஜவ்வை உரிக்க மறக்காதீர்கள்

விலாவின் உட்பக்கத்தில், எலும்புகளின் மேல் வெள்ளையாக ஒரு ஜவ்வு ஒட்டியிருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது மெத்தென்று ஆகாது. மசாலாவையும் உள்ளே விடாது. ஓர் ஓரத்தில் கரண்டிக் காம்பை நுழைத்துத் தூக்கி, வழுக்காமல் இருக்கக் காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் பட்டையாக உரிந்து வரும்.

பிறகு ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மசாலா தடவ வேண்டும். 1.5 கிலோ விலாவுக்கு உப்பு 2 தேக்கரண்டி, பழுப்புச் சீனி 2 மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள் 1 மேசைக்கரண்டி, மிளகுத் தூள், சீரகத் தூள், பூண்டுத் தூள் தலா 1 தேக்கரண்டி. குறைந்தது ஒரு மணி நேரம் ஊறட்டும். இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது.

முரட்டுக் கறிக்குப் பப்பாளிக்காய் அரைத்துப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் உள்ள நொதி இறைச்சியின் மேற்புறத்தை இளக்கும். ஆனால் உள்ளே போகாது. அதிக நேரம் ஊறினால் மேற்புறம் மாவாகக் குழைந்துவிடும். மூன்று மணி நேரம் ஓவனில் இருக்கப்போகும் விலாவுக்கு அது தேவையே இல்லை.

ஓவனில் வைக்கும் முறை

ஓவனை 140 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விசிறி உள்ள ஓவனானால் 130 போதும். விலாவை இரண்டு மடிப்பு அலுமினியத் தாளில், கறிப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, 3 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஆவி வெளியேறாதபடி இறுக்கமாகச் சுற்றுங்கள். தட்டில் வைத்து நடு அடுக்கில் தள்ளுங்கள். முதுகுப் பக்க விலாவுக்கு 2 முதல் 2½ மணி நேரம், வயிற்றுப் பக்க விலாவுக்கு 3 முதல் 3½ மணி நேரம் ஆகும். இடையில் கதவைத் திறந்து பார்க்க வேண்டாம்.

பல வீடுகளில் மேசை மேல் வைக்கும் சிறிய ஓவன்தான் இருக்கிறது. கவலையில்லை. விலாவை இரண்டாக வெட்டித் தனித்தனியாகச் சுற்றலாம். சூட்டுக் கம்பி பக்கத்திலேயே இருந்தாலும் தாளின் சுற்று கறியைக் கருகாமல் காக்கும். ஆனால் சிறிய ஓவன்களின் முள் காட்டும் சூடு சில வேளைகளில் உண்மையான சூடாக இருக்காது. ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை.

முதலில் தண்ணீரில் வேகவைத்துவிட்டு ஓவனில் வாட்டுவோரும் உண்டு. கறி மெத்தென்று ஆகும், ஆனால் ருசி தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீரைச் சூப்பாகக் குடிப்பதென்றால் மட்டும் அப்படிச் செய்யலாம்.

பதம் பார்ப்பது எப்படி?

கடிகாரத்தை மட்டும் நம்பக்கூடாது. ஆவி கை மேல் அடிக்காதபடி தாளைக் கவனமாகத் திறந்து மூன்று அடையாளங்களைப் பாருங்கள். எலும்பின் நுனியிலிருந்து கறி ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் பின்வாங்கியிருக்கும். எலும்புகளுக்கு நடுவே பல் குத்தும் குச்சியைச் செருகினால் தடையில்லாமல் இறங்கும். இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கினால் விலா நன்றாக வளைந்து, மேற்புறம் லேசாக வெடிக்கும். இவை இல்லையென்றால் மறுபடி சுற்றி இன்னும் 20, 30 நிமிடம் வையுங்கள். கறி கடினமாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு இன்னும் நேரம் வேண்டும் என்றுதான் பொருள்.

சாஸ் கடைசியில்தான்

நான் செய்த இரண்டாவது தவறு, தொடக்கத்திலேயே சாஸைத் தடவியது. அதில் சீனி இருப்பதால் கறி பதமாவதற்குள் சாஸ் கருகிக் கசந்துவிடும்.

தக்காளி சாஸ் 1 கப், வினிகர் கால் கப், துருவிய குலா மலாக்கா கால் கப், சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு 4 பல், மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி. இவற்றோடு தாளில் தேங்கிய சாற்றைக் கொழுப்பு நீக்கிச் சேர்த்து, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். கெட்டியானதும், பதமான விலாவின் கறிப் பக்கத்தை மேலே திருப்பித் தடவி, தாளை மூடாமல் 220 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். பாதியில் இன்னொரு முறை தடவலாம். பளபளவென்று ஒட்டிக்கொண்டதும் எடுத்து, 10 நிமிடம் ஆறவிட்டு, எலும்புக்கு எலும்பு நடுவே வெட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாஸ் தடவாத துண்டுகளைத் தனியாக எடுத்து வைக்கலாம். மசாலாவிலும் சீனி இருப்பதால் அவர்களுக்கான துண்டில் அதைக் குறைத்துவிடுங்கள்.

பகல் 1 மணிக்குப் பந்தி என்றால், பெரிய விலா காலை 9 மணிக்கே ஓவனுக்குள் போயிருக்க வேண்டும். மீதமிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

ஒரு வார்த்தை

நம் வீடுகளில் பன்றி இறைச்சி சாப்பிடுபவர்களும் உண்டு, தொடாதவர்களும் உண்டு. ஒரே குடும்பத்துக்குள்ளேயே அப்படி இருக்கும். இதற்கென்று தனித் தட்டும் கத்தியும் பலகையும் வைத்துக்கொள்வது நல்லது. முஸ்லிம் நண்பர்களோடு வாடகை வீட்டையோ அலுவலகச் சமையலறையையோ பகிர்ந்துகொள்பவர்கள் அங்கே உள்ள பொது ஓவனில் இதைச் செய்ய வேண்டாம். பன்றி சாப்பிடாதவர்கள் ஆட்டு விலாவுக்கும் இதே முறையைக் கையாளலாம். நிதானமான சூடு, மூடிய ஆவி, கடைசியில் சாஸ் என்ற வரிசை மாறாது.

இந்த ஆண்டு அப்பாவின் பிறந்தநாளுக்கு மறுபடியும் இதையே செய்தேன். ஓவனை மூடிவிட்டு, அவர் சொன்னபடி வேறு வேலை பார்க்கப் போனேன். அன்று அப்பா ரசம் கேட்பதற்கு முன்பு மூன்று எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒன்றிலும் கறி மிச்சமில்லை.