இருதயத் தசை அழற்சி: வேலியே பயிரை மேய்வது

சளியும் காய்ச்சலுமாய்க் கிடந்து எழுந்த ஓர் இளைஞர், இரண்டொரு வாரங்களில் நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவரிடம் வருகிறார். படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஆராய்ந்து பார்த்தால் இருதயத்தின் குருதிக் குழாய்களில் அடைப்பு ஏதுமில்லை. குருதியை உந்தித் தள்ளும் தசையே புண்பட்டு வீங்கியிருக்கிறது. இதனையே இருதயத் தசை அழற்சி என்பர். பெரும்பாலோர் தேறி விடுகின்றனர். சிலருக்கோ தசை நைந்து, இருதயம் விரிந்து, வலிவிழந்து போகிறது.

இந்நோயைத் தோற்றுவிப்பனவற்றுள் வைரஸ் கிருமிகள் முதன்மையானவை. அவற்றுள் பெயர் பெற்றது காக்ஸாக்கி வைரஸ். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் காக்ஸாக்கி என்னும் சிற்றூரிலிருந்த நோயுற்ற குழந்தைகளிடம் இதனைக் கண்டு, 1948-ல் டால்டார்ஃப், சிக்கிள்ஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். ஊரின் பெயர் கிருமிக்கும் நிலைத்துவிட்டது. ஊரார் செய்த குற்றம் ஒன்றுமில்லை! ஆயினும், கிருமி அழிந்தொழிந்த பின்னரும் சிலரிடத்து அழற்சி தணியாதிருப்பது ஏன்?

உடல் தன்னைத்தானே தாக்கிக் கொள்ளாது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கூறிய கருத்து. அது நெடுங்காலம் வேதவாக்காகவே கொள்ளப்பட்டது. 1956-ல் நோயல் ரோஸ், விட்டெப்ஸ்கி ஆகியோர் முயல்களுக்குத் தைராய்டுச் சாற்றை ஊசி வழி செலுத்த, அம்முயல்களின் காப்பாற்றல் தம் தைராய்டையே தாக்கியது. எர்லிக்கின் கருத்து அன்று ஆட்டம் கண்டது.

அதே ரோஸ் பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் இருதயத்தின்பால் கருத்தைச் செலுத்தினார். காக்ஸாக்கி வைரஸ் ஏற்றப்பட்ட சுண்டெலிகளுள் பல இனங்கள் கிருமி நீங்கியதும் நலம் பெற்றன. சில இனங்களிலோ கிருமி மறைந்த பின்னும் அழற்சி நீடித்தது. அவற்றின் குருதியில் இருதயத் தசைப் புரதமாகிய மயோசினை எதிர்க்கும் பொருள்கள் மிகுந்திருந்தன. 1987-ல் ரோஸின் குழுவினர் ஒரு படி மேலே சென்றனர். வைரஸை விலக்கிவிட்டு, இருதய மயோசினை மட்டும் காப்பாற்றலைத் தூண்டும் மருந்துடன் கலந்து செலுத்தினர். அப்போதும் அழற்சி உண்டாயிற்று. கை கால் தசைகளின் மயோசினைச் செலுத்தியபோது உண்டாகவில்லை. கிருமி இல்லாமலே நோய்!

இருதயத்திற்கு மட்டும் இக்கதி நேர்வது ஏன்? நெஞ்செலும்பின் பின்னே தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. அதனை வெள்ளணுக்களின் பள்ளிக்கூடம் எனலாம். உடலின் சொந்தப் புரதங்கள் அங்கே மாதிரியாகக் காட்டப்படுகின்றன. அவற்றைப் பகையென்று பாயும் அணுக்கள் அங்கேயே ஒழிக்கப்படுகின்றன. ஆனால், பெரிதும் இருதயத்திற்கே உரிய ஆல்பா மயோசின் அப்பாடத்தில் இடம் பெறவில்லை என்பது 2011-ல் வெளியான ஆராய்ச்சியால் தெரிய வந்தது. எலியிலும் இல்லை, மனிதனிலும் இல்லை. எலியின் தைமஸில் அப்புரதத்தைத் தோன்றச் செய்தபோது நோய் வராமற் போயிற்று. பாடத்தில் இல்லாததை மாணவன் அறியான் என்று அவனைக் கடிந்து என்ன பயன்? அத்தகைய அணுக்கள் நலமாயுள்ளவர் உடலிலும் திரிகின்றன. வைரஸ் தசையைச் சிதைத்து மயோசினை வெளிக்கொணரும் வரை அவை வாளாவிருக்கின்றன. பிற கட்டுப்பாடுகள் அவற்றை அடக்கியும் வைக்கின்றன.

அக்கட்டுப்பாட்டை நீக்கினால் நேர்வதை 2016-ல் உலகம் கண்டது. வெள்ளணுக்களின் தடையை அவிழ்த்துப் புற்றின் மேல் ஏவும் புதிய மருந்துகள் இரண்டைச் சேர்த்துப் பெற்ற நோயாளர் இருவர், கடும் இருதயத் தசை அழற்சியால் மாண்டனர் என்னும் செய்தி அவ்வாண்டு வெளியாயிற்று. இவ்வகை அழற்சியிலும் ஆல்பா மயோசினே தாக்குதலின் இலக்கு என்பதற்கு 2022-ல் சான்று கிடைத்தது.

அப்படியானால் காப்பாற்றலை ஒடுக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே எனின், அங்கேதான் இடர்ப்பாடு. கிருமி இன்னும் தசையில் இருக்குமாயின், காவலரைக் கட்டிப் போடுவது கள்வனுக்குக் கதவு திறப்பதாகும். 1995-ல் 111 பேரிடம் நடந்த ஆய்வில், காரணம் பிரித்துப் பாராமல் கொடுத்த அம்மருந்துகளால் நன்மை புலப்படவில்லை. 2009-ல் வெளியான இத்தாலிய ஆய்வு, தசையில் வைரஸ் இல்லை என உறுதி செய்யப்பட்ட 85 பேரை மட்டுமே எடுத்துக் கொண்டது. அங்கு மருந்து பெற்றோருள் பெரும்பாலோருக்கு இருதயம் வலிவுற்றது. பல உட்கருக்களுடைய பெரிய அணுக்கள் தசையில் தோன்றும் கொடிய வகையொன்று உண்டு. அதிலோ இம்மருந்துகளைக் காலந் தாழ்த்தாது தொடங்குகின்றனர். 1997-ல் தொகுக்கப்பட்ட 63 நோயாளருள் மருந்து பெறாதோர் ஏறக்குறைய 3 மாதமும், மருந்துகளைச் சேர்த்துப் பெற்றோர் ஏறக்குறைய 12 மாதமும் தாக்குப் பிடித்தனர்.

இவ்வேறுபாட்டை அறுதியாய் அறிய, கழுத்துச் சிரை வழியே மெல்லிய கருவியை இருதயத்தினுள் செலுத்தி, தசையிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் காண்கின்றனர். வைரஸின் மரபுப் பொருள் அவற்றில் உண்டா என்றும் தேடுகின்றனர்.