வெளுத்த வேலியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்தால் முள்ளியவளைக் கடைத்தெருவில் வியாபாரம் சற்றுத் தணியும். வைகாசிச் சனநெருக்கடி போய், சோளகக் காற்று புழுதியை வாரி வீசும் அந்த நாட்களில்தான் கடைக்காரனுக்குத் தன் வளவைத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேலி. வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்து, சிலாகை வளைந்து, ஆணி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். "இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கொங்கிரீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தால் என்ன?" என்று இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் வியாபாரிகள். மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: குத்திப் பார்க்காமல் ஒரு தூணையும் அசைக்க வேண்டாம்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று மரத்தைப் பற்றியது, மற்றது காணியைப் பற்றியது. காணியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வாப்பா நட்ட பாலைமர வேலி வளவைச் சுற்றி நின்றது. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு புத்தளத்திலிருந்து வந்து பார்த்தால் வீடும் இல்லை, கடையும் இல்லை, ஆளுயரப் பற்றைக்காடு. உறுதியில் நான்கு எல்லையும் எழுதியிருந்தது. நிலத்தில் அது எங்கே ஓடுகிறது என்று காட்டத்தான் ஒன்றுமில்லை. பற்றையை வெட்டிக்கொண்டு போகையில் கருகிய இரண்டு பாலைக் குற்றிகள் மண்ணோடு மண்ணாகத் தென்பட்டன. பக்கத்து வளவு ஐயா வந்து குனிந்து பார்த்தார். "உங்கட வாப்பா நட்ட கட்டைதான் தம்பி, குழி தோண்டேக்க நானும் நிண்டனான்" என்றார். அந்த இரண்டுக்கும் இடையில் கயிறு பிடித்தோம். பின்னர் நில அளவையாளர் பழைய வரைபடத்தோடு வந்தபோதும் கோடு அங்கேயே விழுந்தது. சச்சரவு இல்லாமல் காரியம் முடிந்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. நமது நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, தனியார் காணியைப் பத்து வருடம் இடையூறின்றித் தனதாக ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம். இது 1871 ஆம் ஆண்டிலிருந்து உள்ள கட்டளைச் சட்டம். போரினால் காணியை விட்டு நீங்கியோருக்கு இதிலிருந்து பாதுகாப்புத் தர 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதுவும் கால எல்லையோடு வந்த சட்டம்தான். அரச அனுமதிப்பத்திரக் காணிக்கு இந்தப் பத்து வருடக் கதை பொருந்தாது. அங்கே எல்லைப் பிரச்சினை வந்தால் பிரதேச செயலகப் படியேற வேண்டும். எப்படியோ, விழுந்து கிடக்கும் வேலி அடுத்தவனை ஒரு அடி உள்ளே வரச் சொல்லும். ஒரேநாளில் பிடுங்கப்பட்ட வேலியோ புதுத் தூணுக்கு மூன்று பேர் மூன்று கோடு காட்டும் நிலைமையை உண்டாக்கும். கடைத்தெருவில் ஒரு அடி முகப்பு என்ன விலை என்பது உங்களுக்கே தெரியும்.

இனி மரத்துக்கு வருவோம். சாம்பல் நிறம் உக்கலின் அடையாளம் அல்ல. வெயில் மரத்தின் மேல்தோலை மட்டும் அரித்து, மழை அதைக் கழுவுவதால் வரும் நிறம் அது. சீவுளியால் ஒரு இழை சீவிப் பாருங்கள், உள்ளே பாலை சிவப்பாகவும் முதிரை மஞ்சளாகவும் இருக்கும். உக்கல் வெயிலால் வருவதில்லை, ஈரம் தங்குவதால் வருகிறது. அது தொடங்கும் இடம் தூண் மண்ணுக்குள் இறங்கும் மட்டம். அங்கேதான் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆகவே தூணடி மண்ணை அரை அடி ஆழத்துக்குக் கிளறி விட்டு, ஸ்குரூ டிரைவர் நுனியால் நான்கு பக்கமும் அழுத்திக் குத்துங்கள். நுனி இறங்காவிட்டால் அந்தத் தூணுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பாணில் குத்தியது போல இறங்கினால் அதற்கு வேலை உண்டு. எனது வேலி 80 அடி. எட்டடிக்கு ஒன்றாகப் பதினொரு தூண். பார்வைக்குப் பதினொன்றும் பழுது. குத்திப் பார்த்தபோது பழுதானவை மூன்றுதான்.

அந்த மூன்றையும்கூட நான் பிடுங்கவில்லை. உக்கிய அடியை மட்டும் அறுத்தெடுத்து, அதே குழியில் ஒரு குட்டைக் கொங்கிரீட் கட்டையை இறக்கி, மேல் மரத்தை அதில் இரண்டு போல்ட் போட்டுப் பூட்டினேன். மரத்தின் அடி மண்ணில் படாமல் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். சிலர் தூணைச் சுற்றிச் சீமெந்தைக் கிண்ணம் போலப் போடுகிறார்கள். அது மழைநீரைத் தேக்கி வைத்து மரத்துக்கு ஊட்டுவதற்குச் சமம். சீமெந்து தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிந்து போக வேண்டும். எந்த வேலையானாலும் ஒரு நேரத்தில் ஒரு தூண், பக்கத்து வளவுக்காரருக்குச் சொல்லிவிட்டு, அவர் நிற்கும்போதே. தொடங்குமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதில் செலவொன்றும் இல்லை.

பனஞ்சிலாகை அடித்த வேலியென்றால் இன்னொரு விடயம். பனையில் உறுதி கறுப்பு வைரத்தில்தான். உட்பக்கத்து வெள்ளைச் சோற்றியோடு சேர்த்து அடித்த சிலாகையைக் கறையான் விடாது. சோற்றியைச் சீவி எறிந்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். சிலாகையின் கீழ்நுனி நிலத்திலிருந்து மூன்று விரலாவது மேலே நிற்கட்டும். வேலியடியில் சருகும் விறகும் குவிக்கக் கூடாது. தூணில் மண்குழாய் ஏறியிருந்தால் உடனே தட்டி விழுத்த வேண்டும். அந்தக் குழாய்தான் கறையான் வெளிச்சம் படாமல் ஏறும் பாதை.

கழுவுவதற்குத் தும்புத் தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதன் துகள் மரத்தில் தங்கித் துருப்பிடிக்கும், தேக்கில் கறுப்புப் புள்ளியாகவே நின்றுவிடும். வாகனம் கழுவும் பிரஷர் இயந்திரத்தைக் கிட்டப் பிடித்தால் மரத்தின் நாரைக் கிழித்துவிடும். கழுவியபின் காய விட வேண்டும். இதற்குத்தான் கோடை. மற்ற ஊர்களில் ஒரு கிழமை காத்திருக்க வேண்டியதை நமது வன்னி வெயில் இரண்டு மூன்று நாளில் முடித்துத் தரும். கையில் தண்ணீர் தொட்டு மரத்தில் தெளியுங்கள், உறிஞ்சிக்கொண்டால் எண்ணெய்க்குத் தயார்.

எண்ணெய் விடயத்தில் நம்மவர்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கராஜில் இனாமாகக் கிடைக்கிறது என்று கழிவு ஒயிலை வாங்கி வந்து பூசுகிறார்கள். அதில் எஞ்சின் தேய்ந்த உலோகமும் கருகிய நஞ்சும் கலந்திருக்கிறது. மழையில் கரைந்து அது போகும் இடம் மண். அதே வளவில்தான் நாம் குடிக்கும் கிணறும் இருக்கிறது. ஹாட்வெயாரில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (லின்சீட் என்று கேளுங்கள்) அல்லது மரத்துக்கென்றே விற்கும் பாதுகாப்பு எண்ணெயை வாங்குங்கள். வாங்க இயலாதவர் ஒன்றும் பூசாமல் விடுவதே மேல். வெறும் சாம்பல் நிறத்தோடு பாலை பல வருடம் நிற்கும்.

பூசும் நேரமும் முக்கியம். நடுப்பகலில் மரம் கையைச் சுடும்; எண்ணெய் உள்ளே இறங்குமுன் மேலே பிசினாகிவிடும். அஸருக்குப் பிறகு, வேலியில் நிழல் விழுந்ததும் தொடங்கலாம். தூணின் தலைக்கு இரண்டு மூன்று தடவை கூடுதலாகப் பூச வேண்டும். வெட்டுமுகம் உறிஞ்சுகுழாய்க் கட்டுப் போலத் தண்ணீரை இழுக்கும். தலையைச் சரிவாக அறுத்தோ, ஒரு துண்டுத் தகரம் மடித்து அடித்தோ விட்டால் இன்னும் நல்லது. ஆணி மாற்றுவதென்றால் நாக முலாம் பூசியதாக வாங்குங்கள். முல்லைத்தீவுக் கடல் நமக்குத் தூரமில்லை, சாதாரண ஆணி சீக்கிரம் துருவாகும்.

கடைக்காரர்களுக்கு விசேடமாக ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த பழந்துணியைச் சுருட்டிச் சாக்கு மூலையில் எறிய வேண்டாம். அது காயும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வையுங்கள். சரக்கறையோடு வேலி முட்டி நிற்கும் கடைகள் நம்மிடையே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

செலவைக் கேட்பவர்களுக்கு: 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றம் மறந்திருக்காது. புது மரம் தேடினாலும் பனை தறிக்கவும் மரம் ஏற்றவும் அனுமதி எடுக்க வேண்டும். எனக்கு மூன்று குட்டைக் கட்டை, ஆறு போல்ட், ஆணி, எண்ணெய், ஒரு மேசனுக்கு இரண்டு நாள் கூலி, இவ்வளவோடு முடிந்தது. கழுவலும் பூச்சும் நானும் மகனும் பின்னேரங்களில் செய்தோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேற்பூச்சு; வருடா வருடம் ஆவணியில் ஒரு தடவை ஸ்குரூ டிரைவரோடு சுற்றி வருவது. ஒக்டோபரில் மாரி மழை இறங்குமுன் இது நடந்துவிட வேண்டும்.

வடக்குப் பக்கத்தில் வாப்பாவின் அந்த இரண்டு குற்றிகளும் இன்னும் இருக்கின்றன. புதுத் தூண்களை அவற்றை ஒட்டியே நட்டேன். போன கிழமை அவற்றையும் குத்திப் பார்த்தேன், நுனி இறங்கவில்லை.